அவித்த கோதுமையும் எங்கட மூத்தவனும்

1

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருசமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். தொடங்கிக் கிழித்துப் போட்டதும் உண்டு. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆள். ஆன்மா, அண்டம் என்று எழுதப் படித்த சுவாமிமார் இருக்கினம், உனக்கேன் இந்த வேலை என்று என்னை நானே பேசிக்கொண்டேன். அதைவிடப் பெரிய காரணம், இது என்ர மனுசி றோசலினின் துக்கம். அவள் வாயால் சொல்லாததை நான் கையால் எழுதக் கூடாது. போன கிழமை அவளாகவே சொன்னாள்: "எழுதுங்கோ. எங்கட சனத்தில கனபேர் இதை உள்ளுக்க வைச்சுக்கொண்டு திரியினம்." ஆகையால் ஊர்ப் பங்குக் கோயில் மலருக்கு இதை அனுப்புகிறேன்.

விசயம் இதுதான். எங்கட மகள் அனிற்றாவை இங்கே சிட்னியில் எல்லோரும் ஒரே பிள்ளை என்று நினைக்கிறார்கள். அவளுக்கு முன்னால் ஒரு ஆண் பிள்ளை. ஊரில் சண்டை நடந்து, நாங்கள் இடம்பெயர்ந்து காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த காலம். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுப்பதற்கு ஒரு மூச்சாவது இருக்க வேண்டும், அதுவும் இருக்கவில்லை. அந்த நாள் வழக்கப்படி சேமக்காலை மதிலுக்கு வெளியேதான் புதைத்தோம்.

நாங்கள் சின்ன வயதில் பாடமாக்கின ஞானோபதேசத்தில், ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகளுக்கென்று ஒரு இடம் இருந்தது. நெருப்பும் இல்லை, நோவும் இல்லை. ஆனால் ஆண்டவரின் முகம் காணக் கிடையாது. றோசலினுக்கு அன்றிலிருந்து ஒரே கேள்வி. தான் நல்லபடியாகச் செத்தாலும் அவன் இருக்கிற இடத்துக்குத் தான் போக முடியாது, அவனும் வர முடியாது. அப்படியென்றால் மோட்சம் என்று சொல்கிறது என்ன?

சிட்னிக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி வேறு உருவம் எடுத்தது. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஒன்று என்பேன். ஒருமுறை மொழிபெயர்க்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்று தொலைபேசியில், "ஒரே குழந்தைதானேம்மா? ஆமான்னு போட்டுடவா?" என்று அன்பாகத்தான் கேட்டது. றோசலின் தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

2

சிட்னியின் டூங்கபியில் எங்கட வீட்டுக்குப் பக்கத்து வீடு ஸ்தவ்ரூலா அன்ரியுடையது. கிரேக்கத்திலிருந்து இளம் வயதிலேயே கப்பலேறி வந்தவர். புருசன் இறந்த நாள் தொடக்கம் கறுப்புச் சட்டைதான். வேலிக்கு மேலால் எலுமிச்சம்பழம் தருவார். நாங்கள் கறிவேப்பிலை கொடுப்போம். அதை அவர் பூச்சாடியில் தண்ணீர் விட்டு மேசையில் வைத்திருக்கிறார் என்று அனிற்றா கண்டுவந்து சொல்லி ஒரு கிழமை சிரித்தோம்.

இரண்டாயிரத்துப் பத்தில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஒரு சனிக்கிழமை. நான் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கிற பகுதியில் வேலை முடித்து வந்து காரை விட்டு இறங்கவும், அன்ரி வேலியால் ஒரு தட்டை நீட்டினார். வெள்ளைச் சீனி மாவை மட்டமாகத் தட்டி, அதன் மேல் வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னச் சீனி உருண்டைகளால் ஒரு சிலுவை, பக்கத்தில் ஏதோ எழுத்து. பார்க்கக் கேக் மாதிரி. இது என்ன என்று கேட்டேன். அவர் சொன்னது என் காதில் "சிகோ சவ்வாது" என்று விழுந்தது.

உள்ளே கொண்டுபோய், சவ்வாது போட்டு ஏதோ செய்திருக்கினமாம் என்று சொன்னேன். றோசலின் மணந்து பார்த்து, சவ்வாது இல்லை, கறுவாப்பட்டை மணம் என்றாள். கரண்டியால் எடுத்தால் உள்ளே கேக் இல்லை. அவித்த கோதுமை, எள்ளு, முந்திரிகை வற்றல், மாதுளை முத்து. நல்ல ருசி. சிலுவையும் எழுத்தும் இருக்கிறதால் பேரப்பிள்ளையின் பிறந்தநாளாகத்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு கட்டினோம். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்களிடம் இல்லைத்தானே. றோசலின் அடுத்த நாள் பால் ரொபி கிண்டித் துண்டு போட்டு அடுக்கினாள். நான் மலிவுக் கடையில் பொன் எழுத்துப் போட்ட ஒரு வாழ்த்து அட்டை வாங்கி மேலே வைத்து, வேலியடியில் நின்று "ஹப்பி பேர்த்டே" என்று சொல்லிக் கொடுத்தேன்.

அன்ரி அட்டையைத் திறந்து பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பார்த்தால் கண்ணைத் துடைக்கிறார். அவருடைய உடைந்த ஆங்கிலமும் என்னுடைய உடைந்த ஆங்கிலமும் சேர்ந்து ஒருவழியாக விளங்கினது. அது செத்தவர்களுக்காக அவிக்கிற கோதுமை. அவர்களின் கோயிலில் தவக்காலத்துக்கு முன் ஆன்மாக்களின் சனி என்று ஒரு நாள். தாய், தகப்பன், புருசன் எல்லோரையும் நினைத்து அவித்து, மந்திரித்து, அயலுக்குக் கொடுக்கிறது. விதை மண்ணுக்குள் போய்த்தானே முளைக்கிறது, அந்த அர்த்தம்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. துக்கத்துக்குத் தந்த தட்டில் இனிப்பு வைத்து, வாழ்த்தும் சொல்லியாயிற்று. அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்றும் நினைவில் நிற்கிறது.

"என்ர ஆக்கள் செத்து இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அவைக்கு ஹப்பி பேர்த்டே சொன்னதில்லை. நீ சொன்னாய். எங்கட சுவாமியும் புனிதர்கள் செத்த நாளைப் பிறந்தநாள் எண்டுதான் சொல்லுறவர். இருக்கட்டும், நல்லதுதான்."

3

அனிற்றாவுக்கு அந்த வருசம் பன்னிரண்டாம் வகுப்பு. பழைய கிரேக்கர்களின் சரித்திரம் ஒரு பாடமாக எடுத்திருந்தாள். உறுதிப்பூசுதல் முடிந்த கையோடு பூசைக்கு வருவதைக் குறைத்து, அந்த வருசம் முழுதாகவே விட்டிருந்தாள். நான் பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆங்கிலத்தில் கேட்டால் என் ஆங்கிலத்துக்குத்தான் பதில் வரும்.

சவ்வாதுக் கதையைக் கேட்டவள் உருண்டு சிரித்தாள். அது சவ்வாது இல்லை, அவையின்ர பாசையில் சனிக்கிழமை. முன்னால் வருகிறது ப்சிகி, அதாவது ஆன்மா. நாங்கள் சைக்கோ என்று திட்டுகிற சொல்லும் அந்த வேரிலிருந்துதான் வந்தது என்று விளங்கப்படுத்தினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரவுச் சாப்பாட்டு மேசையில், எனக்கென்றே ஒரு குத்தும் வைத்திருந்தாள். அப்பா, நீங்கள் கோயிலில் ஆன்மா ஆன்மா என்று சொல்லுறதில் பாதி கிறிஸ்தவமே இல்லை, உங்கட சபை கிரேக்கர்களிடம் கடன் வாங்கினது என்றாள்.

நான் புட்டைப் பிசைந்தபடி, சரி, அவை என்ன சொன்னவை என்று கேட்டேன். பிள்ளை வேதம் பேசுகிற அளவுக்காவது வந்தாளே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது.

அவள் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். பழைய கிரேக்க ஞானிகள் சிலர், உலகம் முழுவதுக்கும் ஒரு ஆன்மா இருக்கு என்று நம்பினார்கள். சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள் தங்கள் தங்கள் வழியில் பிசகாமல் சுற்றுவது அந்த ஆன்மாவால்தான். மனிசரின் ஆன்மாக்களையும் கடவுள் முதலிலேயே செய்துவிட்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். ஆன்மா அங்கிருந்து இறங்கி உடம்புக்குள் அகப்படுகிறது. உடம்பு ஒரு சிறை. ஒழுங்காக வாழ்ந்தால் திரும்பவும் தன்ர நட்சத்திரத்துக்கே போய்விடும்.

நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன். எங்கட விசுவாசத்தில் ஆன்மா முதலே செய்து வைத்த சாமான் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் உண்டாகிறபோது ஆண்டவர் புதிதாக உண்டாக்குகிறார். உடம்பும் சிறை இல்லை, அதுவும் கடைசி நாளில் உயிர்க்கும் என்று ஞாயிறுதோறும் எழும்பி நின்று சொல்கிறோம். இதையெல்லாம் சொல்ல இருந்தேன்.

அதற்குள் றோசலின் கேட்டாள்.

"செத்துப் பிறந்த பிள்ளைக்கும் ஒரு நட்சத்திரம் இருக்கோ?"

அனிற்றா வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. தனக்கு முன்னால் ஒரு பிள்ளை தவறினது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தாய் அதைப் பற்றி வாய் திறந்து அன்றுதான் கேட்கிறாள்.

"புத்தகத்தில அது இல்லை அம்மா," என்று மெல்லத் தமிழில் சொன்னாள்.

"உடம்பு சிறையெண்டால், அவன் சிறைக்குப் போகாமல் தப்பினவன் எண்டு நான் சந்தோசப்பட வேணும். அப்பிடித்தானே?" றோசலின் கோபமாகச் சொல்லவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். குழாயில் தண்ணீர் கனநேரம் ஓடின சத்தம் கேட்டது. மகள் என்னைப் பார்த்தாள். வாதத்தில் என்னை வென்றுபோட்டு, அந்த வெற்றியை எங்கே வைக்கிறது என்று தெரியாத பிள்ளையின் முகம் அது.

4

தமிழ்ப் பூசைக்கு வருகிற சுவாமியிடம் கேட்டோம். நல்ல மனிசன், பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பழைய இடத்தைப் பற்றித் திருச்சபை இப்போது அப்படிப் படிப்பிக்கிறதில்லை, இந்தப் பிள்ளைகளை ஆண்டவரின் இரக்கத்தில் ஒப்படைத்து நம்பிக்கையோடு இருக்கச் சொல்கிறது என்றார். எனக்கு அது பெரிய ஆறுதல். வெளியே வந்ததும் றோசலின் கேட்டாள், நம்பிக்கையோடு இருங்கோ என்றுதானே விசாவுக்குக் காத்திருக்கிற பொடியளுக்கும் கடிதம் வருகுது என்று. அந்தக் காலம் வள்ளத்தில் அகதியாக வந்த இளம் பொடியள் பலர் எங்கட பூசைக்கு வருவார்கள். பின்வரிசை வாங்கில் இருந்து, பூசை முடிந்ததும் ஒருவருக்கொருவர் என்ன பதில் வந்தது என்று கேட்டுக்கொள்வார்கள். அவளுக்கு அதுதான் மனதில் வந்திருக்கிறது.

ஒருநாள் உடுப்புக் காயப்போடுகிறபோது வேலியடியில் அன்ரியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எந்தப் பாசையில் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளுடைய ஆங்கிலம் கடைக்குப் போதும், இதுக்குக் காணாது. அன்ரி ஈரத்துணியைக் கூடைக்குள் எறிந்துவிட்டு இடுப்பில் கைவைத்துக் கேட்டாராம்:

"கடவுள் என்ன இமிகிரேசன் கந்தோரோ, குழந்தைப்பிள்ளையிட்டப் பேப்பர் கேட்டு வாசலில மறிச்சு வைக்க?"

இதைச் சொல்லிக்காட்டிச் சிரித்தாள் றோசலின். ஆனால் ஆறவில்லை. நோவு வேறு எங்கோ இருந்தது. இவ்வளவு காலம் ஒரே கட்டிலில் படுத்தும் அது எந்த இடம் என்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. நான் சபை என்ன சொல்கிறது, பழையவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவளுக்கு மறுமொழி தேடிக்கொண்டு திரிந்தேன். வேலையில் படுக்கை விரிப்புகளை மூலைக்கு மூலை சேர்த்து மடிக்கிறபோது யோசிப்பேன்: நட்சத்திரங்களை இப்படி ஒழுங்காக ஓட வைக்கிறவர், ஒரு பிள்ளையின் விசயத்தில் மட்டும் ஒழுங்கில்லாமல் விடுவாரா? யோசிக்கலாம். அவளிடம் சொல்ல வரும்போது அது வெறும் பேச்சாகப் போய்விடும்.

5

அடுத்த வருசம் ஆன்மாக்களின் சனிக்கு அன்ரி எங்களைத் தங்கட கோயிலுக்குக் கூப்பிட்டார். றோசலின் வருகிறேன் என்றது எனக்கு ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று அனிற்றா கார்த் திறப்பை எடுத்தது. புதிதாக ஓட்டுகிறவர்கள் காரில் மாட்டுகிற சிவப்புப் பி தகடு கிடைத்த புதிது. பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தது. எங்கள் பூசைக்கு வராதவள் வேற்றுப் பூசைக்கு வருகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். வாயை மூடிக்கொண்டேன்.

கோயில் நிறைந்து வழிந்தது. கறுப்புச் சட்டைக் கிழவிகள், தட்டுத் தட்டாகக் கோதுமை, மெழுகுதிரி. அன்ரி வாசலில் நின்று சனத்தைப் பார்த்து மூச்சை இழுத்து, "பொலிஸ் கொஸ்மொஸ்" என்றார். எனக்குப் பொலிஸ் என்பது மட்டும்தான் கேட்டது. ஊர்ப் பழக்கம் விடுமோ? கோயிலைச் சுற்றி வளைத்துவிட்டார்களாக்கும் என்று மனுசியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, சட்டைப் பையில் ஓட்டுநர் அட்டை இருக்கா என்றும் தடவிப் பார்த்துவிட்டேன். அனிற்றா என்னைக் கண்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பூசை முடியும்வரை அவளுடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வருகிறபோது அன்ரி தன் மகனின் காரில் போய்விட்டார். எங்கட காரில் மகள் ஓட்ட, நான் பக்கத்தில், றோசலின் பின்னால். மடியில் அன்ரி தந்த கோதுமைத் தட்டு. நான் அந்தப் பொலிஸ் விசயத்தைக் கேட்டேன்.

பொலிஸ் என்றால் நிறைய, கொஸ்மொஸ் என்றால் சனம், அவ்வளவுதான் அப்பா என்றாள். பிறகு, அவளாகவே தொடர்ந்தாள். கொஸ்மொஸ் என்கிற சொல் ஆங்கிலத்திலும் இருக்கு, அண்டம் முழுவதையும் சொல்கிறது. கடவுள் உலகத்தில் அன்பு வைத்தார் என்று நற்செய்தியில் நீங்கள் வாசிக்கிற இடத்திலும் கிரேக்கத்தில் அந்தச் சொல்தான். ஆனால் முன்னொரு காலத்தில் அது வேறொன்றுக்கும் சொல்கிற சொல். அதைச் சொல்ல வந்தவளுக்குத் தமிழ் முட்டிக்கொண்டது.

"பொம்பிளையள் நல்ல சட்டை போட்டு, சீப்பால தலை இழுத்து, நகை எல்லாம் போட்டு... அம்மா, அதுக்கு என்ன சொல்லுறது? சின்னனில கோயிலுக்குப் போக முந்தி நீங்கள் என்னைப் பார்த்துக் கத்துறது?"

"வெளிக்கிடு," என்றாள் றோசலின்.

"ஓம், அதுதான். வெளிக்கிடுறது. அந்தப் பழைய ஆக்கள் வானத்தைப் பார்த்து, எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில வடிவாய் இருக்கிறதைக் கண்டு, இதை ஆரோ வெளிக்கிடுத்தி விட்டிருக்கினம் எண்டு நினைச்சு அந்தப் பேரை வைச்சவை."

படித்த ஆள் யாராவது சொல்லியிருந்தால் அலங்காரம் என்றோ ஒழுங்கு என்றோ சொல்லியிருப்பார். என் மகளுக்கு அந்தச் சொற்கள் வராது. வீட்டில் கேட்ட தமிழ்தான் அவளிடம் இருக்கிறது. அதில் தேடி எடுத்துக் கொடுத்தாள். உடுத்து ஆயத்தமாகிறதுக்கும் புறப்படுகிறதுக்கும் எங்களுக்கு அந்த ஒரே சொல்தான்.

ஒரு சிக்னல் தாண்டினது. இன்னொன்றும் தாண்டினது. பின்னால் றோசலின் நித்திரையாக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப அவனையும் வெளிக்கிடுத்தியிருப்பார்."

நான் திரும்பிப் பார்த்தேன். றோசலின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏலாமல் கிடந்தன். நீங்கள் உங்கட சாரத்தில கிழிச்ச ஒரு துண்டில அவனைச் சுத்திக் கொண்டு போனியள். வேற என்ன செய்யிறது அப்ப. எல்லாப் பிள்ளையளையும் தாய்மார்தான் வெளிக்கிடுத்தி அனுப்புறது. நான் என்ர பிள்ளையை அப்பிடியே அனுப்பிப்போட்டன். மோட்சத்துக்கோ வேறெங்கையுமோ, போன இடத்தில அவன் அந்தத் துண்டோட நிக்கிறான் எண்டதுதான் எனக்கு..." என்று நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "உலகத்தையே வெளிக்கிடுத்தினவர் என்ர பிள்ளையை மட்டும் அப்பிடியே விட்டிருப்பாரோ?"

அவள் இவ்வளவு காலம் கேட்ட கேள்வி அவன் இருக்கிற இடத்தைப் பற்றியது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சுவாமியும் இடத்தைப் பற்றித்தான் பதில் சொன்னார். கிரேக்க ஞானிகளும் நட்சத்திரம் என்று ஒரு இடத்தைத்தான் காட்டினார்கள். தாய்க்குக் கிடந்த நோவு அது அல்ல.

கொஞ்சம் பொறுத்து, அதுவரை ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, தலை இழுக்கிற அளவுக்குத் தலைமயிர் இருந்ததோ அவனுக்கு?"

"இருந்தது," என்றேன். "நிறைய. நல்ல கறுப்பு. நெத்தியில ஒட்டிக்கொண்டு இருந்தது."

"சுருளோ?"

"ஓம். உன்ர மாதிரி."

அனிற்றா காரை ஓரமாக நிறுத்தினாள். கண்ணீர் கண்ணை மறைத்தால் ஓட்டக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பின்கதவைத் திறந்து தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. எனக்கு முழுதாகக் கேட்கவும் இல்லை. வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.

6

இந்த வருசம் கார்த்திகையில், எங்கட ஆத்துமாக்கள் திருநாளுக்கு, றோசலின் தானே கோதுமை அவிக்கப் போகிறாள். அன்ரியிடம் பக்குவம் கேட்டு வைத்திருக்கிறாள். முதல் நாளே அவித்துத் துவாய்த்துணியில் பரப்பி ஈரம் போக விட வேண்டுமாம், இல்லாவிட்டால் சீனி இளகிவிடும். மேலே வெள்ளி உருண்டை வைக்கிற வேலையை அனிற்றா கேட்டு வாங்கியிருக்கிறாள். அவள் இன்னும் பூசைக்கு வருவதில்லை. நான் அவளுக்காகச் செபமாலை சொல்வதை நிறுத்தவும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கட வீட்டில் அந்த வார்த்தையைக் கொண்டுவந்து தந்தது பூசைக்கு வராத பிள்ளைதான். ஆண்டவர் யார் கையில் எதைக் கொடுத்து அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது.

இதுதான் திருச்சபையின் போதனை என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு அறிவில்லை. ஆன்மா உடம்பை விட்டுப் பறந்து தப்புகிறது என்பதைவிட, உடம்பும் நெற்றியில் ஒட்டின தலைமயிரும்கூட ஆண்டவருக்கு வேண்டியதுதான் என்பதை நான் நம்புகிறேன். அவ்வளவுதான்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் யாரும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கோ, பிரதி எடுத்தும் கொடுங்கோ. ஆனால் நடந்தது நடந்தபடியே போகட்டும். றோசலின் கனவு கண்டாள், பிள்ளை ஒளியாகத் தோன்றினான் என்று ஒன்றும் சேர்க்க வேண்டாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு காருக்குள் மூன்று பேர் பேசினார்கள்.

பங்கு மலரைத் திருத்துகிற மாஸ்டருக்கும் ஒன்று. "வெளிக்கிடுத்தினார்" என்பது பேச்சுத் தமிழ் என்று அதை அழித்துவிட்டு "அலங்கரித்தார்" என்று போட்டுவிடாதேயுங்கோ. அலங்கரித்தார் என்றால் பிள்ளை உடுத்தபடி அங்கேயே கிடப்பான். வெளிக்கிடுத்தினார் என்றால்தான் அவன் புறப்பட்டிருப்பான்.